பனிக்காலை ஓவியம்

கண்ணுடையோர் யாவரும் காண்கின்றனர். ஆயினும், கண்டதைக் கண்டவாறே உணர்வோர் சிலரே ஆவர். மார்கழித் திங்களின் வைகறையில் வயல்வெளியை நோக்கி நிற்கும் ஒருவனிடம், "என்ன காண்கின்றாய்?" என்று வினவினால், "பச்சை வயலையும், பனைமரங்களையும், வாய்க்காற்கரையையும் காண்கின்றேன்" என்று அவன் விடை கூறுவான். உண்மையில் அவ்வேளையில் வயல் பச்சையாகத் தோன்றுவதில்லை. பனையின் ஓலைகள் தனித்தனியே தெரிவதில்லை. கரை எங்கே முடிகின்றது, வானம் எங்கே தொடங்குகின்றது என்பதும் புலப்படுவதில்லை. அவன் கூறியது கண் கண்டதன்று; அவன் மனம் முன்பே அறிந்து வைத்திருந்ததாகும். கண்டதற்கும் அறிந்ததற்கும் உள்ள இவ்வேறுபாட்டை நமக்கு உணர்த்த வல்லது ஓவியக்கலை. அதனுள்ளும், பனி மூடிய நாட்டுப்புறக் காட்சியை மங்கிய வண்ணங்களால் தீட்டும் பயிற்சி இதனை மிகத் தெளிவாகக் கற்பிக்கின்றது. அப்பயிற்சியை மேற்கொள்ளும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

நிலக்காட்சியை வரையப் புகுவோன் முதற்கண் அறிய வேண்டுவது ஒன்று உண்டு. நிலம் மட்டும் இருந்தால் அது காட்சியாகாது; பொழுதும் உடன் சேர வேண்டும். இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் பிரிக்காது சேர்த்து முதற்பொருள் என்று கூறுகின்றது. வயலும் வயல் சார்ந்த இடமுமாகிய மருதத்திற்கு வைகறையும் விடியலும் உரிய சிறுபொழுதுகளாக வகுக்கப்பட்டுள்ளன. மார்கழியும் தையும் முன்பனிக் காலம் எனப்படும். ஒரே வயல் நண்பகலில் ஒரு காட்சியாகவும், முன்பனிக் காலத்து வைகறையில் மற்றொரு காட்சியாகவும் தோன்றுகின்றது. வரப்பும் மரமும் மாறுவதில்லை; அவற்றிற்கும் நம் கண்ணுக்கும் இடையே உள்ள ஒளியும் காற்றுமே மாறுகின்றன. ஆதலின், பனிக்காலையை வரைவோன் மரத்தைக் காட்டிலும், மரத்திற்கு முன்னே நிற்கும் காற்றையே வரைகின்றான் என்று கூறலாம்.

அக்காற்றின் இயல்பு யாது? ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை பெய்து, காவிரி பாயும் நாட்டின் வயல்களில் ஈரம் நிறைந்திருக்கும். மார்கழியில் இரவு நீண்டது. வானம் முகிலின்றித் தெளிந்திருந்தால், பகலில் நிலம் பெற்ற வெப்பம் இரவெல்லாம் வெளியேறிவிடும். குளிர்ந்த நிலத்தை ஒட்டிய காற்றும் குளிர, அதிலுள்ள நீராவி நுண்ணிய நீர்த்துளிகளாக மாறி மிதக்கும். காற்று வீசாது அடங்கியிருப்பின், அத்துளிகள் நிலத்தின் அருகிலேயே தங்கிப் பனிப்படலமாகும். ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பொருள் தெரியாத அளவிற்கு அது செறிந்தால், வானிலை நூலார் அதனை மூடுபனி என்பர். கதிரவன் மேலெழுந்து நிலம் சூடேறியதும் அஃது உருத்தெரியாமல் கலைந்துவிடும்.

இத்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பன்மடங்கு பெரியன. ஆதலின், ஒளியில் அடங்கிய எல்லா நிறங்களையும் அவை ஏறக்குறைய ஒரே அளவில் சிதறச் செய்கின்றன. எல்லா நிறங்களும் கலந்து தோன்றுவது வெண்மை. அதனாலேயே பனி வெண்மையாகத் தெரிகின்றது. தெளிந்த காற்றிலோ, அதன் மூலக்கூறுகள் நீல ஒளியையே மிகுதியாகச் சிதறச் செய்கின்றன. தொலைவிலுள்ள மலை நீலமாகத் தோன்றுவதும், வானம் நீலமாக இருப்பதும் அதன் விளைவே. வானத்தின் நீலத்திற்குரிய காரணத்தை 1871 ஆம் ஆண்டில் ரேலி என்னும் ஆங்கில அறிஞர் கணக்கிட்டு விளக்கினார்.

இவ்வியல்பிலிருந்து ஓவியன் அறிய வேண்டியவை மூன்று. தொலைவு மிகுந்தோறும் கருமை குறைந்து, பொருள் வானத்தின் வெளிர்மையை அடைகின்றது என்பது முதலாவது. தொலைவு மிகுந்தோறும் பொருளின் சொந்த நிறம் மங்குகின்றது என்பது இரண்டாவது. தொலைவு மிகுந்தோறும் பொருளின் விளிம்பு கரைகின்றது என்பது மூன்றாவது. இம்மூன்றையும் மனத்திற்கொண்டவன் பனிக்காலை ஓவியத்தின் இலக்கணத்தை அறிந்தவனாவான்.

எல்லா ஓவியர்களும் இவ்விலக்கணத்தை நாடியவர் அல்லர். புதுக்கோட்டைக்கு அண்மையிலுள்ள சித்தன்னவாசலில், சமணக் குடைவரைக் கோயிலின் மேற்கூரையில் ஒரு தாமரைக் குளம் தீட்டப்பெற்றுள்ளது. ஏறத்தாழ ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது அது. அதில் மீன்களும், பறவைகளும், யானைகளும், மலர் கொய்வோரும் காணப்படுகின்றனர். அருகிலுள்ளது, தொலைவிலுள்ளது என்னும் வேறுபாடின்றி ஒவ்வொரு பொருளும் தெளிவாக விளங்குகின்றது. எல்லாவற்றையும் நிறைவாகக் காட்டுவதே அவ்வோவியனின் நோக்கம். அதில் அவன் வெற்றியும் பெற்றான். பனியைக் காட்ட விரும்புவோனுக்கோ வேறு வழி வேண்டும்.

அவ்வழியைச் சீன நாட்டு ஓவியர்கள் மிகப் பழங்காலத்திலேயே கண்டனர். குவோ சீ என்னும் ஓவியர் 1072 ஆம் ஆண்டில் இளவேனிலின் தொடக்கத்தைப் பட்டுத்துணியில் மையினால் வரைந்தார். அவ்வோவியம் இன்று தைப்பேயிலுள்ள தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் மலைகளின் இடையே பனி உலவுகின்றது. மை தோய்ந்தும் தோயாமலும் விடப்பட்ட பட்டே அங்குப் பனியாகக் காட்சி தருகின்றது. பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த ஹசெகாவா தோஹாகு என்னும் ஜப்பானிய ஓவியர், மடிப்புத் தட்டிகளில் பைன் மரங்களை வரைந்தார். டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்திலுள்ள அவ்வோவியத்தின் பெரும்பகுதி வெறுந்தாளே. மரங்கள் ஆங்காங்கே தோன்றி மறைகின்றன. காண்போர் அவ்வெற்றிடத்தை வெற்றிடமாகக் கருதுவதில்லை. குளிர்ந்த பனியாகவே உணர்கின்றனர்.

ஐரோப்பாவில், லியொனார்டோ டாவின்சி (1452–1519) தொலைவிலுள்ள பொருளைக் காற்று நீலமாக்குவதைத் தம் குறிப்புகளில் எழுதி வைத்தார். இங்கிலாந்து நாட்டு ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822 ஆம் ஆண்டுகளில் லண்டனை அடுத்த ஹாம்ப்ஸ்டெட்டில் தங்கி, வானத்தையும் முகிலையும் மட்டுமே பலமுறை வரைந்து பழகினார். அச்சிறு படங்கள் பலவற்றின் பின்புறத்தில் நாள், நேரம், காற்று வீசிய திசை ஆகியவற்றையும் குறித்து வைத்தார். பிரான்சு நாட்டுக் கோரோ (1796–1875) வெள்ளியை ஒத்த சாம்பல் வண்ணங்களால் ஏரிக்கரைக் காலைகளைத் தீட்டினார். 1864 ஆம் ஆண்டில் அவர் வரைந்த மார்ட்டஃபோன்டேன் நினைவு ஓவியம் பாரிசு நகரத்து லூவர் அருங்காட்சியகத்தை அணிசெய்கின்றது. பகட்டான வண்ணம் ஒன்றுமின்றியே அது காண்போர் உள்ளத்தைக் கவர்கின்றது.

இவற்றையெல்லாம் நூல்களில் படித்து அறிதல் எளிது. கையால் செய்து காண்பது அரிது. இதனை யான் என் முதுமையில் உணர்ந்தேன். முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றபின், என்னினும் மிக இளையவரான ஓவிய ஆசிரியர் ஒருவரிடம் வண்ணம் தீட்டப் பயின்றேன். ஒரு மார்கழிக் காலையில் எங்கள் ஊர் வாய்க்காற்கரையில் அமர்ந்து, எதிரிலிருந்த பனைவரிசையை வரைந்தேன். ஒவ்வொரு பனைக்கும் ஓலைகளை விரித்துக் காட்டினேன்; அவற்றிற்குக் கரும்பச்சையும், வயலுக்கு இளம்பச்சையும், வானத்திற்கு நீலமும் இட்டேன். ஆசிரியர் சிறிது நேரம் படத்தை நோக்கியிருந்து, "ஐயா, அந்த மூன்றாவது பனையில் எத்தனை ஓலைகள்?" என்று கேட்டார்.

"முப்பதேனும் இருக்குமே, தம்பி" என்றேன்.

"இருப்பவற்றை நான் கேட்கவில்லை, ஐயா, இப்பொழுது தங்கள் கண்ணுக்குத் தெரிபவற்றைக் கேட்டேன்" என்றார் அவர்.

நிமிர்ந்து நோக்கினேன். ஓர் ஓலையும் தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் உருண்டையான ஒரு நிழலும், அதன் கீழே மெலிந்த ஒரு கோடுமே தெரிந்தன. அக்கோடும் நிலத்தைத் தொடும் முன்பே பனியில் மறைந்துவிட்டது. நான் பொய் வரைய எண்ணியவன் அல்லேன். எனினும், என் கண் எதிரே இருந்ததற்கு மாறானதையே வரைந்திருந்தேன். 'பனை' என்ற சொல் என் நினைவில் எழுந்ததும், கண் தன் தொழிலை நிறுத்திக்கொண்டது. சொல்லையே தொழிலாகக் கொண்டிருந்த எனக்கு அன்று நேர்ந்த நாணம் பெரிது. பெற்ற நன்மை அதனினும் பெரிது.

இனி, பயிலும் முறையைக் கூறுவோம். இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. நீரில் கரையும் வண்ணங்களில் மூன்று போதும். அல்ட்ராமரீன் எனப்படும் ஆழ்ந்த நீலம் ஒன்று, பர்ன்ட் சியன்னா எனப்படும் செம்பழுப்பு ஒன்று, மஞ்சட்காவி ஒன்று. அகன்ற தூரிகை ஒன்றும், நுனி கூரிய தூரிகை ஒன்றும் வேண்டும். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள கெட்டித்தாள், நனைந்தாலும் எளிதில் சுருங்காது. அது கிடைக்காதவிடத்து, மெல்லிய தாளைப் பலகையில் நான்கு புறமும் ஒட்டிக்கொள்ளலாம். இரண்டு கிண்ணங்களில் தூய நீரும், ஒரு பழந்துணியும் உடனிருத்தல் வேண்டும்.

கதிரவன் தோன்றுவதற்கு முன்பே சென்று இடத்தைத் தேர்ந்துகொள்ளுதல் நன்று. சென்றவுடன் வண்ணப் பெட்டியைத் திறவாது, இமைகளைப் பாதி மூடிக் காட்சியை நோக்குக. அவ்வாறு நோக்கும்போது நுட்பமான பகுதிகள் மறைந்து, வெளிர்மையும் கருமையும் மட்டும் பெரும்பரப்புகளாகப் பிரிந்து தோன்றும். வானமும் பனியும் ஒரு பரப்பு. தொலைவிலுள்ள மரக்கூட்டம் ஒரு பரப்பு. இடையிலுள்ள கரையும் பனைகளும் ஒரு பரப்பு. நம் காலடியிலுள்ள வரப்பும் புல்லும் ஒரு பரப்பு. இந்நான்கையும் உள்ளங்கை அளவான தாளில் கரிக்கோலால் குறித்துக்கொள்க. வண்ணம் தீட்டாத கோட்டுருவைப் பழந்தமிழர் 'புனையா ஓவியம்' என்று வழங்கினர். அத்தகைய சிறு வரைவே பின்னர் வரும் ஓவியத்திற்கு அடிப்படையாகும். இதனைச் செய்யாது வண்ணத்தைத் தொட்டவர் பாதி வழியில் திகைத்து நிற்பர்.

அடுத்தது வண்ணக் கலவை. நீலத்தையும் செம்பழுப்பையும் கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று அடக்கி, அழகிய சாம்பல் நிறம் பிறக்கும். நீலம் மிகுந்தால் அது குளிர்ந்த சாம்பலாகும். பழுப்பு மிகுந்தால் வெதுவெதுப்பான சாம்பலாகும். அதனுடன் சிறிது மஞ்சட்காவியைச் சேர்த்தால், கதிர் முற்றத் தொடங்கிய சம்பா வயலின் மங்கிய பசுமை கிட்டும். படத்தின் எல்லாப் பகுதிகளுக்கும் இம்மூன்று வண்ணங்களையே அளவு மாற்றிப் பயன்படுத்துதல் வேண்டும். ஒரு குடும்பத்தார் முகத்தில் ஒரு சாயல் இருப்பது போல, அப்பொழுது படம் முழுவதிலும் ஒரே ஒளி பரவியிருக்கும்.

இனித் தீட்டத் தொடங்கலாம். அகன்ற தூரிகையால் தாள் முழுவதையும் தூய நீரால் நனைக்க வேண்டும். நீர் தேங்காது, தாள் பளபளக்கும் அளவே போதும். வானத்தின் மேற்பகுதியில் நீர்த்த சாம்பலை இட்டு, கீழே வர வர மேலும் நீர்க்கச் செய்து, தொடுவானத்தருகே மஞ்சட்காவியின் மிக மெல்லிய சாயலை மட்டும் படரவிடுக. தாளின் ஈரம் உலர்வதற்கு முன், தொலைவிலுள்ள மரக்கூட்டத்தை வெளிர்ந்த சாம்பலால் தொட்டு வைக்க வேண்டும். வண்ணம் ஈரத்தில் பரவி, அதன் விளிம்பு தானே கரையும். எங்கே பனி அடர்ந்துள்ளதோ அங்கே தாளைத் தொடாமல் விட்டுவிடுக. தாளின் வெண்மையே பனியாக நிற்கும்.

தாளின் பளபளப்பு அடங்கி ஈரம் மட்டும் எஞ்சியிருக்கும்போது, நடுப்பகுதியின் கரையையும் பனைகளையும் சற்றுச் செறிந்த வண்ணத்தால் வரைக. பனையின் அடிமரத்தை நிலம்வரை இழுத்து முடித்தல் ஆகாது. பாதியிலேயே ஈரத்தூரிகையால் அதனைத் தேய்த்துப் பனியில் மறையவிட வேண்டும். தாள் முற்றிலும் உலர்ந்தபின், முன்பகுதியின் வரப்பையும் ஓரிரு புல் நுனிகளையும் கூர்மையாகத் தீட்டலாம். படத்தில் மிகக் கருமையானதும் மிகத் தெளிவானதும் இவ்விடமே. அருகிலுள்ள இவ்வொரு தெளிவே, தொலைவிலுள்ள மங்கலை மங்கலாகக் காட்டும். நீர்வண்ணம் உலரும்போது வெளிறும் இயல்புடையது. ஆதலின் வேண்டுவதைவிடச் சிறிது செறிவாகவே இடுதல் வேண்டும்.

மங்கிய நிறங்களிடையே ஒரு துளி வெப்பமான நிறம் இடம் பெறுவது நன்று. வரப்பில் செல்லும் உழவரின் தலைப்பாகையிலோ, குடிசையின் விளக்கொளியிலோ செம்பழுப்பைச் சிறிது வைத்தால், சூழவுள்ள சாம்பல் நிறம் நீலம் கலந்தது போல உயிர்பெறும். ஒரு நிறம் தன் அண்டையிலுள்ள நிறத்தால் மாறித் தோன்றும் என்னும் இவ்வுண்மையைப் பிரான்சு நாட்டு வேதியியலறிஞர் செவ்ரல் ஆராய்ந்து, 1839 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அவர் பாரிசிலுள்ள கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயத்தொழிலை மேற்பார்த்தவர். நூலுக்கு இட்ட சாயம் வலிவற்றதாகத் தோன்றிய இடங்களில், குறை சாயத்தில் அன்று, அதனருகே நெய்யப்பட்ட மற்ற நிறத்தில் இருந்ததை அவர் கண்டறிந்தார்.

பயில்வோர் செய்யும் பிழைகள் சில உள. கருமை வேண்டிய இடத்தில் குப்பியிலுள்ள கறுப்பை அப்படியே இட்டால் அவ்விடம் உயிரற்று நிற்கும். நீலமும் பழுப்பும் கலந்த கருமையே பொருந்தும். பனியைக் காட்ட வெள்ளை வண்ணத்தைப் பூசினால் சுண்ணாம்பு அடித்தது போலாகும். பாதி உலர்ந்த வண்ணத்தின்மேல் நீர் மிகுந்த தூரிகையை வைத்தால், பூக்கோசின் ஓரம் போன்ற கறை படியும்; முற்றிலும் உலரும்வரை பொறுத்திருத்தலே அதற்கு மருந்து. இவற்றினும் பெரும்பிழை ஒன்று உண்டு. படம் முடிந்தபின்னும் கை ஓயாது, ஓர் ஓலை, ஒரு கிளை, ஒரு பறவை என்று சேர்த்துக்கொண்டே போவதாகும். சேர்ப்பது எளிது; விடுவதற்கே துணிவு வேண்டும்.

மூன்று மார்கழிகள் நான் இவ்வாறு பயின்றேன். கெடுத்த தாள்கள் பல. தேறிய படம் ஒன்றே. அப்படத்தையும், ஓலைகளை எண்ணி வரைந்த என் முதற்படத்தையும் எங்கள் ஊர் முதிய உழவர் ஒருவரிடம் காட்டினேன். முதற்படத்தைக் கண்ட அவர், "நன்றாக இருக்கின்றது, ஐயா, இஃது எந்த ஊர்?" என்று கேட்டார். மங்கிய படத்தைக் கையில் வாங்கியவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "நம் வாய்க்காற்கரை. விடியுமுன் மடை திறக்கப் போகும்போது இப்படித்தான் இருக்கும்" என்று மெல்லக் கூறினார். அதற்கு முந்தைய ஆண்டில், சாலையை அகலப்படுத்துவதற்காக அப்பனைவரிசை வெட்டப்பட்டிருந்தது. ஓலை ஒன்றும் வரையப்படாத அப்படத்தில்தான் அவர் தம் பனைகளை மீண்டும் கண்டார்.

மாணவர்களே! உங்களுள் யாவரும் ஓவியர் ஆக வேண்டும் என்பதன்று. எனினும், ஒரு முறையேனும் பனிக்காலையில் எழுந்து வயலருகே நின்று பாருங்கள். மரத்தின் பெயரையும் வயலின் நிறத்தையும் சிறிது நேரம் மறந்து, கண் காட்டுவதை மட்டும் தாளில் குறியுங்கள். படம் நன்கு அமையாவிடினும் கவலையில்லை. அறிந்ததைக் கண்டதாகக் கூறாத பழக்கம் உங்களிடம் வளரும். அப்பழக்கம் ஓவியத்திற்கு மட்டுமன்று, அறிவியலுக்கும், வரலாற்றுக்கும், ஒருவரைப் பற்றி மற்றொருவர் சான்று பகர்வதற்கும் இன்றியமையாதது. நாளை அவ்வயலும் அம்மரங்களும் மாறிப்போனாலும், உண்மையாகக் கண்ட ஒருவர் வரைந்த சிறு படம் அவற்றிற்குச் சான்றாக நிற்கும்.